வராத விமானம்

மக்ரூன் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதா, பெஞ்சில் பக்கத்தில் வைப்பதா என்பதுதான் அப்போதைக்கு ஆறுமுகநயினாருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. மடியில் வைத்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் வைத்தால் யாரோ விட்டுவிட்டுப் போன பெட்டி மாதிரி இருந்தது, அதுவும் கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிற இந்தச் சென்னைக் கட்டிடத்தில். கொஞ்ச நேரம் மடியில் வைத்தார், கொஞ்ச நேரம் பக்கத்தில் வைத்து அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். மெட்டில்டா தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வரும்போது அதை நொறுங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள், தூங்கும்போதும் கையை எடுக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே அவளை விட மாட்டோம் என்று சொன்னதும் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, பெட்டியை மட்டும் இவர் கையில் திணித்தாள். பெரிய ஆளுக முன்னால வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி என்றாள். கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேறு அர்த்தமாகிவிடும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்குத் தெரியாதா, முன்சீப் வீட்டு வாசலில் கத்தரிக்காய் மூட்டையோடு நின்றவர்களை அவரே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் புருஷனைப் பிடித்துக்கொண்டு போய் இத்தனை நாளாகிவிட்ட ஒரு பெண்ணிடம், அவள் நல்லது என்று நம்பிச் செய்கிற ஒரே காரியத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டில் நின்ற போலீஸ்காரன் நூலை அறுத்துப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். ஒன்றை எடுத்து வாயில் போட்டான். சோதனைதான் பெரியவரே, கோவிச்சுக்காதீங்க என்றான். பிறகு பக்கத்தில் நின்றவனுக்கும் ஒரு சோதனை கொடுத்தான். இப்போது பெட்டிக்குள் ஒரு மூலை காலி. அசைத்தால் உருளுகிற சத்தம் கேட்டது. உள்ளே கூப்பிடும்போது இதை எங்கே வைப்பது. பெஞ்சுக்கு அடியில் வைத்தால் அது இன்னும் மோசம்.

தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்றது. பினாயில் வாடை. எதிர்ச் சுவரில் ஒரு கதவு, அதில் பலகை இல்லை, பெயர் இல்லை. கோர்ட் என்றால் பலகை இருக்கும், கூப்பிடுகிறவன் இருப்பான், கறுப்புக் கோட்டு நடமாட்டம் இருக்கும், வாய்தா வாங்கியவன் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். இங்கே கறுப்புக் கோட்டே இல்லை. இருக்கக் கூடாது என்றுதான் சட்டம். தேசப் பாதுகாப்புக்காகத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவன், உள்ளே உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் தன் பக்கத்தைச் சொல்லலாம், ஆனால் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. கேட்டுக்கொண்டால் ஒரு நண்பரை அழைத்துவரலாம். அந்த நண்பர் வக்கீலாக இருக்கக் கூடாது. மெட்டில்டா வந்து விசாரித்தபோது இவருடைய முதலாளி தெய்வநாயகம் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், சட்டம் தெரிஞ்சவனா இருக்கணும், ஆனா வக்கீலா இருக்கக் கூடாது, நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்தர்தான் இருக்காரு என்று. சொல்லிவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று இன்றுவரை நயினாருக்குத் தெரியவில்லை. என்ன சட்டம் தெரியும் அவருக்கு. அவர் பார்த்ததெல்லாம் சிவில் கேஸ். ஒரு சாண் அகலச் சுவருக்காக அப்பன் போட்ட வழக்கை மகன் நடத்தி, மகன் போனபிறகு மருமகள் நடத்தியது அவருக்குத் தெரியும். வாடகை கொடுக்காத பெட்டிக்கடைக்காரனை வெளியேற்ற வேண்டும் என்றால்கூட முதலில் நோட்டீஸ், அதற்கு அவன் பதில், பிறகு பிராது, பிறகு அவன் எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வாய்தா. யாரோ ஒருவனுடைய வேப்பமரக் கிளை அடுத்தவன் கூரைமேல் சாய்ந்ததற்கு ஜட்ஜே நேரில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு கிளைக்கு அவ்வளவு. மெட்டில்டாவின் புருஷன் சந்தியாகுவுக்கு என்ன கிடைத்தது, டைப் அடித்த தாளில் சில வரிகள், கடல்வழியே நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் நபர்களுக்கு உதவினார் என்று, மற்ற விவரங்களைச் சொல்வது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று கடைசியில் ஒரு வரி. மற்ற விவரங்கள் ஒட்டிய உறைக்குள் இருக்கின்றன. உறையை உள்ளே இருக்கிற மூன்று பேரும் பார்ப்பார்கள். இவர் பார்க்க முடியாது. பார்க்காத ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது. டக் என்றது விசிறி. பதில் சொல்ல வேண்டாம் நயினார், நீங்க நண்பராப் போறீங்க, அவ்வளவுதான் என்று தெய்வநாயகம் வக்கீல் சொன்னார். அங்கேதான் அவருக்கு முள் குத்தியது. நண்பராக.

சந்தியாகு அவருக்கு எப்போது நண்பனானான். யோசித்துப் பார்த்தால் சண்டை போட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பின் தெருவில் அவன் கொட்டகை. மீன்பிடி படகு இஞ்சின்களைக் கொண்டுவந்து போடுவார்கள், அவன் பிரித்துப் போட்டுச் சரிசெய்து, தெருவிலேயே ஒரு மரச்சட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்ப்பான். அப்படி ஓட்டிப் பார்க்காமல் எந்தப் படகுக்காரனும் இஞ்சினை வாங்கிக்கொண்டு போக மாட்டான், அது அவர்கள் வழக்கம், கடலுக்குள் நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பார்கள். அது கிளம்பும்போது முதலில் ஒரு இழுவை, அடிவயிற்றிலிருந்து எழும்பி எழும்பி மேலே போகிற சத்தம், அதன் பிறகுதான் தடதடவென்று ஓடத் தொடங்கும். டீசல் புகை நயினார் வீட்டு அடுக்களைக்குள் வந்து நிற்கும். அவர் பெண்சாதி உலகம்மாள் படுத்த படுக்கையான வருடம் அது. அவள் ஒன்றும் சொன்னதில்லை, சத்தம் கிளம்பும்போது சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இவர் இரண்டு தடவை போய்ச் சொன்னார். சரி அண்ணாச்சி சரி அண்ணாச்சி என்றான், மறுநாள் மறுபடியும் ஓட்டினான். மூன்றாவது தடவை வாய்ச்சண்டை. ஏம் அண்ணாச்சி, நாங்க கஞ்சி குடிக்க வேண்டாமா, உங்க கோர்ட்டுல மட்டும் கத்தலாமோ என்று அவன் கேட்டான், தெருவில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் ஆபீஸில் உட்கார்ந்து அவரே ஒரு வக்கீல் நோட்டீஸ் டைப் அடித்து, தெய்வநாயகத்திடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினார். இரைச்சல், புகை, அண்டை வீட்டாரின் நிம்மதிக்கு இடையூறு. அடுத்த வாரமே சத்தம் நின்றது. இஞ்சினை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அங்கே ஓட்டிப் பார்க்கத் தொடங்கினான். நோட்டீஸுக்கு அந்த மரியாதை உண்டு என்று உலகம்மாளிடம் சொன்னார், சொன்னபோது ஒரு நிறைவு இருந்தது, நாற்பது வருட உத்தியோகத்தில் தனக்கென்று அனுப்பிய ஒரே நோட்டீஸ், ஜெயித்த ஒரே வழக்கு. அவள் ம் என்றாள். அவள் போனபோது பாடையின் ஒரு முனையைச் சந்தியாகுதான் பிடித்தான், யாரும் கூப்பிடாமல். அதற்கு நட்பு என்று பேரா. அதன்பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொடுத்து அனுப்புவான், சைவம் என்று தெரிந்தும் ஒரு தடவை அனுப்பிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, மறந்துட்டேன் அண்ணாச்சி, பூனை வளக்குறீயளா என்று கேட்டான். அப்புறம் காய்கறி. இதுதான். இதை வைத்துக்கொண்டு நான் நண்பன் என்று மூன்று பேர் முன்னால் சொல்ல முடியுமா. அதோடு அந்தச் சாயங்காலம் வேறு இருக்கிறது. சந்தியாகு பிடிபடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கொட்டகைக் கதவு வெளிச்சம் இருக்கும்போதே சாத்திக் கிடந்தது. அவன் ஒருநாளும் கதவைச் சாத்தி வேலை பார்க்கிறவன் இல்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, நம் ஊர்ப் பேச்சு இல்லை, கடலுக்கு அக்கரைப் பேச்சு மாதிரி நீட்டி நீட்டி. நயினார் பால் வாங்கப் போனவர் போய்விட்டார். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அக்கரையிலிருந்து வந்து முகாமில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் கூலி வேலைக்கு இங்கேதானே அலைகிறார்கள். எல்லாம் இருந்திருக்கவும் இருக்கலாம். போலீஸ் இவரிடம் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, மெட்டில்டாவிடமும் சொல்லவில்லை. உள்ளே கேட்டால்.

தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து போனால் அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். சட்டைப்பையில் பேனா வைத்தாரா, வைத்தார். கேட்டால் என்ன, தெரியாது என்று சொல்ல வேண்டியதுதான், தெரியாதது உண்மைதானே. ஆனால் அவருக்குள் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு வேறு மாதிரிக் கேட்டான். நீ ஏன் இதில் அரசாங்கத்துக்கு எதிராக நிற்கிறாய், நீ அரசாங்கத்தை நம்புகிறவன்தானே. உண்மைதான். அவர் நம்புகிறவர். ஒரு பக்கம் கடல் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்க்காமல் ஒரு அரசாங்கம் இருக்க முடியுமா. வேப்பமரக் கிளைக்குக் கொடுக்கிற அவகாசத்தை வெடிகுண்டுக்குக் கொடுக்க முடியுமா. எதிருரை போடு, சாட்சியைக் கூப்பிடு, வாய்தா வாங்கு என்றால் அதற்குள் பஸ் நிலையத்தில் நாலு பேர் சிதறிக் கிடப்பார்கள். அப்படி ஒரு அவசரம் வரும்போது சட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைக்கத்தான் வேண்டும், தீப்பிடித்த வீட்டுக்குள் வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நுழைவார்கள். இதை அவரே டீக்கடையில் வாதாடியிருக்கிறார், நன்றாகவே வாதாடியிருக்கிறார். எல்லையில் சண்டை நடந்த வருடம் அவர் வீட்டுக்குள்ளும் அப்படி ஒருவர் நுழைந்தார். துறைமுகத்தில் சங்கு ஊதினால் ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட வேண்டும், வானத்திலிருந்து பார்த்தால் ஊர் இருப்பதே தெரியக் கூடாது. ஒத்திகைதான் என்றார்கள், ஒத்திகை எது உண்மை எது என்று யாருக்கும் தெரியாது. கார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட், ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள், கறுப்புத் தாள் கிடைக்காதவர்கள் கரியைக் குழைத்துப் பூசினார்கள். தெருவுக்கு ஒரு தொண்டர். இவர்கள் தெருவுக்கு டிரில் வாத்தியார் ஐசக். நல்ல மனுஷன், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். உலகம்மாளுக்கு மதியத்திலிருந்தே வலி. சங்கு ஊதியது, எழும்பி எழும்பி மேலே போயிற்று, தெரு அணைந்தது. உள்ளறையில் மருத்துவச்சி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டிருந்தாள், ஜன்னலில் சாக்குப்படுதா போட்டிருந்தார்கள், சாக்கில் எங்கேயோ ஒரு கிழிசல். ஐசக் வாத்தியார் வெளியே நின்று கூப்பிட்டார், வெளிச்சம் தெரியுதுய்யா என்றார். மருத்துவச்சி உள்ளிருந்தே, தெரிஞ்சா தெரியட்டும், எனக்குக் கண்ணு தெரிய வேண்டாமா என்றாள். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிச்சுக்கிடுங்க மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி உள்ளே போய் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்து அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். நயினார் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவர் வீட்டுப் பிரசவ அறைக்குள் ஒரு ஆண்பிள்ளை நுழைவது எந்தச் சட்டத்தில் உண்டு, எந்த ஊர் வழக்கத்தில் உண்டு, ஆனால் ஊருக்கே ஆபத்து என்னும்போது யார் என்ன சொல்வது. கூடைப் பின்னலின் இடுக்கு வழியாக முற்றத்தில் சின்னச் சின்னதாக வெளிச்சம் விழுந்தது, வாத்தியார் அதையும் தன் துண்டால் மூடினார். உள்ளே இருட்டில் மருத்துவச்சி ஏதோ கேட்டாள், யாரோ ஓடினார்கள், பாத்திரம் உருண்டது. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஆண் குழந்தை. அழவில்லை. விளக்கு இருந்திருந்தால் அழுதிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவச்சியே சொல்லவில்லை, கொடி சுத்தியிருந்ததுய்யா, கைக்குத் தட்டுப்பட்டுச்சு, கண்ணுக்குத் தெரியலை என்று மட்டும் சொன்னாள். அந்த இருட்டிலேயே துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தை மூடியிருந்தது. பெரியப்பா வாங்கிக்கொண்டு போனார், அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். இவர் பின்னாலேயே போனார், துணியை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை, தோன்றியபோது மண்ணைத் தள்ளியாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும், யாரு சாயல் என்று உலகம்மாள் கேட்டாள். உன் சாயல் என்றார்.

டக். டக். யாரோ ஒருவர் கோப்புகளைச் சுமந்துகொண்டு அந்தப் பெயரில்லாத கதவுக்குள் போனார். கதவு மூடுவதற்குள் உள்ளே ஒரு மேஜையின் ஓரம் தெரிந்தது, பச்சைத் துணி விரித்த மேஜை. உலகம்மாள் ஒரு மாதம் கழித்து, சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள், அன்னைக்கு விமானம் வந்துச்சா என்று. வரலை என்றார் அவர். அவள் கஞ்சி முழுவதும் இறங்குகிறவரைக்கும் காத்திருந்தாள். இவருக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது, அதில் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் போலிருந்தது. வெளக்கை அணைச்சதாலதான் வரலை என்றார். எவ்வளவு சரியான பதில் அது. எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஓட்டை விழாத பதில். விமானம் வந்திருந்தால் விளக்கை அணைத்தது நல்லது, வராவிட்டாலும் விளக்கை அணைத்தது நல்லது. நாற்பது வருடத்தில் எந்த வக்கீலும் அப்படி ஒரு வாதம் வைத்து அவர் கேட்டதில்லை, எதிர்த்தரப்பு எழுந்திருக்கவே முடியாது. அவள் எழுந்திருக்கவில்லை. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, வராத விமானத்துக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டீய, வந்த பிள்ளைக்குச் சொல்லுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போறீயளே, புளி வாங்கிட்டு வாங்க என்கிற மாதிரிச் சொன்னாள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை, சாகிறவரைக்கும். வேறு பிள்ளையும் வாய்க்கவில்லை. தான் பதில் சொல்ல வேண்டிய முறை வந்து, வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்துவிட்டோமோ என்று சில சமயம் அவருக்குத் தோன்றும். தோன்றினால் எழுந்து போய் ஏதாவது வேலையைப் பார்ப்பார். இங்கே எழுந்து போக முடியவில்லை. அரசாங்கம் சரியா தப்பா என்பது அவருக்கு இப்போதும் தெரியவில்லை, ஐசக் வாத்தியாரை இன்று பார்த்தாலும் வணக்கம் சொல்வார். கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சந்தியாகுவை இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விலங்கின்மேல் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள், பார்ப்பதற்கு ஏதோ கையில் காயம் பட்டவன் மாதிரி இருந்தான். தாடி. சட்டைக் கழுத்து பெரிதாகிவிட்டது. இவரைப் பார்த்ததும் சிரித்தான், அதே சிரிப்பு, பூனை வளக்குறீயளா சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி பெட்டியும் கையுமா." போலீஸ்காரர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் போலிருக்கிறது, திரும்பிக்கொண்டு சிரித்தார். மெட்டில்டா கொடுத்தது என்றார் நயினார். அவன் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேட்டுல நிக்காளா என்று கேட்டான், ஆமாம் என்றார், சாப்பிட்டாளா என்று கேட்டான், தெரியாது என்றார். இதுகூடத் தெரிந்துகொள்ளாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது. அந்தச் சாத்திய கதவைப் பற்றி இப்போது இவனிடமே கேட்டுவிடலாம், ஒரே ஒரு வார்த்தை, ஆமாவா இல்லையா, தெரிந்துகொண்டு உள்ளே போகலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, இல்லை என்று சொன்னால் நம்புவோமா. அவர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குள் பெயரில்லாத கதவு திறந்து ஒரு தலை வெளியே வந்து, சந்தியாகு, அவரோட நண்பர் என்றது.

உள்ளே ஜன்னல் திரையெல்லாம் இழுத்து விட்டிருந்தது, பகலிலேயே அந்தி மாதிரி இருந்தது. பச்சை மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், நீதிபதியாக இருந்தவராம், காதில் கருவி வைத்திருந்தார். ஓரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி, அவர் முன்னால் அரக்கு வைத்த பழுப்பு உறை, அரக்கு உடைந்திருந்தது. சுருக்கெழுத்துக்காரர் ஒருவர். உட்காரச் சொன்னார்கள். நயினார் பெட்டியை மடியில் வைத்தார், பிறகு தரையில் வைத்தார். நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் வழக்கறிஞரா என்று கேட்டார், இல்லை, குமாஸ்தா என்றார் இவர். போலீஸ் அதிகாரி நாற்காலியில் லேசாக அசைந்தார். அடுத்த கேள்விதான் இவர் ஊரிலிருந்தே பயந்துகொண்டு வந்தது. இவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார். நோட்டீஸ் அனுப்பியவன் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. சந்தியாகு தலையைக் குனிந்து துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிநேகிதன்யா."

அவன் நிமிர்ந்து பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. சொன்ன பிறகு அந்த வார்த்தை அவ்வளவு கனமாக இல்லை. தெய்வநாயகம் வக்கீல் சொல்லிக் கொடுத்தது எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது, ஆணை பிறப்பித்ததில் தாமதம், தமிழில் நகல் கொடுக்காதது, காரணங்கள் தெளிவில்லாதது. அவற்றைச் சொன்னார். சுருக்கெழுத்துக்காரர் எழுதினார். வேப்பமரக் கிளைக்கு வாதம் எழுதும்போது இருந்த சுகம் ஒரு நொடி வந்து போயிற்று. மூவரில் இடப்பக்கம் இருந்தவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். அதெல்லாம் சரி, நடுவில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இவர் அந்த ஆட்களுக்கு இஞ்சின் பழுது பார்த்துக் கொடுக்கவில்லை என்று உங்களால் உத்தரவாதம் தர முடியுமா. சாத்திய கதவு. நீட்டி நீட்டிப் பேசிய குரல். பால் தூக்குச்சட்டி கையில் குளிர்ந்தது. முடியாது என்றார் நயினார். அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவன் கொட்டகைக்கு யார் யாரோ வருவார்கள், இஞ்சினைப் பார்ப்பானே தவிர ஆளைப் பார்க்க மாட்டான், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், உறைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை என்றார். போலீஸ் அதிகாரிக்கு இது போதுமானதாக இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, தணிந்த குரலில், ஒரு விஷயத்தைக் குழு கவனிக்க வேண்டும், இவரைக் காவலில் வைத்த நாளிலிருந்து அந்தக் கரையில் ஒரு சம்பவமும் நடக்கவில்லை என்றார்.

சோற்றுப் பானையிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அதே வாக்கியம். எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை விழாதது. வேறு யாரோ ஒருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு அமைதியாக, எவ்வளவு மரியாதையாக இருக்கிறது, ஐசக் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த மாதிரி. நயினாருக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்ல வேண்டியது என்று எதுவும் யோசிக்கவில்லை, அது அவருடைய முறை, அவ்வளவுதான். "ஐயா, சண்டை வருஷம் எங்க வீட்டுல விளக்கை எடுத்துட்டுப் போனாங்க. விமானம் வரலை. விளக்கை அணைச்சதாலதான் வரலைன்னு எம் பெஞ்சாதிகிட்ட நான் சொன்னேன். இவுக சொல்லுதது மாதிரியேதான் சொன்னேன். அவ, சரி, வந்த பிள்ளைக்கு என்ன சொல்லுதீயன்னு கேட்டா. உள்ளே பிரசவம் ஆகிக்கிட்டிருந்துச்சு ஐயா அன்னைக்கு. இன்னிவரைக்கும் என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. விளக்கைப் போட்டுப் பாத்தாத்தான்யா தெரியும், விமானம் வருதா வரலையான்னு. அணைச்சே வச்சிருந்தா எப்பவும் அணைச்சதுதான் சரின்னு இருக்கும்." சுருக்கெழுத்துக்காரரின் பேனா நின்றது. இதையும் எழுத வேண்டுமா என்று கேட்கிற மாதிரி அவர் நடுவில் இருந்தவரைப் பார்த்தார். நடுவில் இருந்தவர் காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்தார், கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. எழுதுங்கள் என்றார். பிறகு, குழு தன் கருத்தை அரசுக்கு அனுப்பும், நீங்கள் போகலாம் என்றார். கருத்தும் உறையில்தான் போகும். நயினார் எழுந்தார், பெட்டியை மறந்துவிட்டார், கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார், யாரும் சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டாமோ. பொய் சொல்லியிருந்தால் மெட்டில்டா முகத்தைப் பார்க்கலாம், இப்போது எப்படிப் பார்ப்பது. சந்தியாகுவை உடனே கூட்டிக்கொண்டு போகவில்லை, யாரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் போலீஸ்காரர் இரண்டு நிமிஷம் உக்காருமய்யா என்று அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பெட்டி நடுவில். அவன் துண்டுக்குள்ளிருந்து விரல்களை நீட்டி ஒரு மக்ரூனை எடுத்து, உடையாமல் முழுசாக வாயில் வைத்தான். உனக்குப் பாதகமாச் சொல்லிட்டேனா என்று நயினார் கேட்டார். அவன் மென்று முடித்தான். பாதகமோ சாதகமோ, சிநேகிதன்னீயளே, அதப் போய் மெட்டில்டாட்ட சொல்லுங்க, நம்ப மாட்டா என்றான். நோட்டீஸ் விட்டவன் சொன்னா எப்படி நம்புவா என்றார் இவர், சிரிக்க முயன்றுகொண்டு. அவன் புருவத்தைச் சுருக்கினான்.

"என்ன நோட்டீஸு?"

இஞ்சின் சத்தத்துக்கு, பதிவுத் தபாலில், அது வந்த பிறகுதானே நீ கடற்கரைக்கு மாற்றினாய் என்றார் நயினார். ஓ அதுவா, எவனோ தாள் கொண்டாந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனான், மெட்டில்டா மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சா, யாரு பிரிச்சா அதை என்றான் சந்தியாகு. இன்னொரு மக்ரூனுக்கு விரலை நீட்டினவன் எடுக்காமல் நிறுத்தினான். "உங்க வீட்டு மைனி சொன்னாகன்னுலா மாத்தினேன். நீங்க கோர்ட்டுக்குப் போன பெறவு, படுக்கையிலேருந்து எந்திரிச்சு வந்து ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னு கூப்பிட்டாக. சந்தியாகு, உன் இஞ்சின் கெளம்பும்போது அன்னைக்கு ஊதுன சங்கு மாதிரியே கேக்குன்னாக. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் சொன்னாக, பிள்ளையப் பத்தி. நீங்களும் முகத்தைப் பாக்கலங்கிறதும் சொன்னாக. பாவம், என் சாயல்னு பொய் சொன்னாரு, அவருகிட்ட கேட்டுராதன்னாக." கையெழுத்து ஆகிவிட்டது போலிருக்கிறது, போலீஸ்காரர் வந்து தோளைத் தொட்டார். அவன் எழுந்தான். நயினாரும் எழுந்தார், எதற்கு என்று தெரியாமல். இத்தனை வருடமும் நோட்டீஸ்தான் சத்தத்தை நிறுத்தியது. நிறுத்திய வேறொன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பூட்ஸ் சத்தம் படியில் இறங்கியது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். வாதாமரத்தடியில் மெட்டில்டா நின்றுகொண்டிருந்தாள், தலையை எக்கி இவர் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். விடுவாகளா அண்ணாச்சி என்று கேட்டாள். விட்டுவிடுவார்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது, விட மாட்டார்கள் என்பதற்கும் ஒன்று இருந்தது. தெரியலை தாயி என்றார். பிறகு, நீ சாப்பிட்டியான்னு அவன் கேட்டான் என்றார்.